தெருவைப் பார்த்த வாசல்: ஜவுளிக்கடையும் மாலும் திண்டுக்கல் கடைவீதியும்



பெரிய கடைகளைப் பற்றியும், அவற்றை நம்பி எழும்பும் மால்களைப் பற்றியும் பேச வந்திருக்கிறேன். பாரிசிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் தொடங்க வேண்டிய பேச்சு என்று நினைப்பீர்கள். நம் திண்டுக்கல்லிலிருந்தே தொடங்கலாம், சென்னை வழியாக.

சென்னை மவுண்ட் ரோட்டில் 1863இல் டுரான்ட், ஸ்பென்சர் என்ற இரு வெள்ளைக்காரர்கள் சேர்ந்து ஒரு சிறிய கடை தொடங்கினார்கள். பின்னால் அது யூஜின் ஓக்‌ஷாட் என்பவர் கைக்கு வந்தது. 1895இல் சிவப்புச் செங்கல்லில் கோபுரங்களோடு கட்டிய பெரிய கட்டடத்துக்கு மாறியது. ஒரே கூரையின் கீழ் பல பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் தனிப் பொறுப்பாளர், எழுதிய விலைக்கு விற்பனை. தென்னிந்தியா பார்த்த முதல் பெரும் டிபார்ட்மென்ட் ஸ்டோர் அதுதான் என்று சொல்லலாம். அந்த ஸ்பென்சர் கம்பெனி திண்டுக்கல்லில் சுருட்டுத் தொழிற்சாலை வைத்திருந்தது. திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்று லண்டன் வரை பெயர் வாங்கிய சரக்கில், இந்தச் சமவெளியில் விளைந்த புகையிலைக்குப் பெரிய பங்கு உண்டு. நம் ஊர்க்காரர்கள் உருட்டிய சுருட்டு அந்தக் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. ஆனால் உருட்டியவர்கள் அங்கே போய் ஒரு பொருள் வாங்கியிருக்க வழியில்லை. அது துரைமார்களுக்கும் ஜமீன்தார்களுக்கும் வக்கீல்களுக்குமான கடை.

பெரிய கடைக்கு நம் ஊர் முதலில் சரக்குக் கொடுத்தது, வாடிக்கையாளராக ஆனது வெகுகாலம் கழித்து. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சின்னாளப்பட்டி பற்றிப் பேசும்போது இது மறுபடி வரும்.

பாரிசில் பூசிகோ என்பவர் 1852இல் போன் மார்ஷே கடையில் கொண்டுவந்த முறை உலகம் முழுவதும் பரவியது. பேரம் கிடையாது, விலைச்சீட்டு உண்டு, உள்ளே வந்தவர் வாங்கித்தான் ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. தமிழ்நாட்டில் இந்த முறையை ஊருக்கு ஊர் கொண்டுபோய்ச் சேர்த்தவை ஜவுளிக்கடைகள். ஸ்பென்சரைப் போல நம்மவர் நடத்திய ஒரு பொதுக்கடை வளர்ந்து இதைச் செய்யவில்லை. திருவில்லிபுத்தூரில் 1923இல் தொடங்கிய போத்தீஸ், திருநெல்வேலியில் 1924இல் தொடங்கிய ஆர்.எம்.கே.வி., காஞ்சிபுரத்துப் பட்டோடு வந்து 1928இல் தியாகராய நகரில் கடை போட்ட நல்லி, எல்லாமே துணியில் தொடங்கியவை. ரங்கநாதன் தெருவில் பாத்திரக் கடையாகத் தொடங்கிய சரவணா ஸ்டோர்ஸும் பின்னால் துணியைத்தான் மையமாக வைத்தது.

ஏன் துணி? நம் வீடுகளில் குடும்பமே கூடிப்போய் வாங்கும் பொருள்கள் மிகச் சில. நகை, துணி, சீர்வரிசைப் பாத்திரம். மளிகைக்கு ஒருவர் போனால் போதும். பட்டு எடுக்க ஒருவர் போனால் அந்தக் கல்யாணத்தில் பேச்சு வந்துவிடும். அத்தை வர வேண்டும், தாய்மாமன் வீட்டார் வர வேண்டும், சம்பந்தி வீட்டிலிருந்து இரண்டு பேராவது உட்கார்ந்திருக்க வேண்டும். அத்தனை பேரையும் உட்காரவைத்து, காப்பி கொடுத்து, பிள்ளைகளைச் சமாளித்து, ஐந்து மணி நேரம் பொறுமையாகச் சேலை விரித்துக் காட்டும் இடம் தேவைப்பட்டது. அந்தத் தேவையிலிருந்துதான் நம் ஜவுளிக்கடை மாடி மேல் மாடியாக வளர்ந்தது. பெண்களுக்கு ஒரு மாடி, ஆண்களுக்கு ஒரு மாடி, குழந்தைகளுக்கு ஒன்று, பிறகு பாத்திரம், பிறகு மளிகை, கடைசியில் மொட்டைமாடியில் ஓர் உணவகம்.

இனி மாலுக்கு வருகிறேன். மால் என்பது அடிப்படையில் ஒரு வாடகைக் கணக்கு. ஒரு பெரிய கடையை முதலில் பிடித்துப் போடுவார்கள். ஆங்கர் என்பார்கள், நாம் தலைக்கடை என்று வைத்துக்கொள்ளலாம். கூட்டத்தைக் கூட்டி வருவது அந்தத் தலைக்கடை. அதனால் அதற்குச் சதுர அடி வாடகை மிகக் குறைவு. அந்தக் கூட்டத்தின் மேல் பிழைக்கும் சின்னக் கடைகளுக்குப் பல மடங்கு வாடகை. பாஷிகியன், கூல்ட் என்ற இரு பொருளியலாளர்கள் 1998இல் அமெரிக்க மால்களின் வாடகையை ஆராய்ந்து எழுதிய கட்டுரை இதைத்தான் காட்டியது. தலைக்கடையால் பக்கத்துக் கடைக்குக் கிடைக்கும் லாபத்தை, மாலின் முதலாளி வாடகையாக வாங்கி, தலைக்கடைக்கே சலுகையாகத் திருப்பிக் கொடுக்கிறார்.

நம் கடைவீதியிலும் இதே கூட்டம் உண்டு, இதே லாபமும் உண்டு. கணக்கு எழுத ஆள் கிடையாது, அவ்வளவுதான். திண்டுக்கல் மெயின் ரோட்டையோ ரத வீதிகளையோ முகூர்த்த மாதத்தில் ஒரு நாள் நின்று பாருங்கள். நத்தம் பக்கத்திலிருந்தோ வேடசந்தூர்ப் பக்கத்திலிருந்தோ ஒரு கல்யாண வீட்டார் பஸ் இறங்கி வருகிறார்கள். எட்டுப் பேருக்குக் குறையாது. கூரைப்புடவை முதலில். மெத்தை போட்ட மேடையில் விற்பனையாளர் சேலையை உதறி விரிக்கிறார், முந்தானையை மட்டும் பிரித்துத் தன் தோளிலேயே போட்டுக் காட்டுகிறார். “இதே கலர்ல பார்டர் கொஞ்சம் சின்னதா எடுத்துப் போடுங்கண்ணே” என்கிறாள் கல்யாணப் பெண். அம்மா சத்தமில்லாமல் விலைச்சீட்டைத் திருப்பிப் பார்க்கிறார். “டியூப் லைட்டுல எல்லாம் நல்லாத்தான் இருக்கும், வெளிச்சத்துல பாப்போம்” என்று அத்தை சொல்ல, கடைப் பையன் சேலையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வருகிறான். பின்னாலேயே நான்கு பெண்கள் வருகிறார்கள். தெரு வெயிலில் அரக்கு நிறம் கொஞ்சம் மாறித் தெரிகிறது. எதிரே பூ விற்கும் அம்மாவும் எட்டிப் பார்த்து, “அரக்குதான் நல்லாருக்கு, அதையே எடுங்க” என்கிறார். அவரிடம் ஒரு முழம் நிலக்கோட்டை மல்லிகை விற்றுப்போகிறது.

சேலை எடுத்தாயிற்று. ஃபால்ஸ் வைக்க வேண்டும், ஓரம் அடிக்க வேண்டும், முந்தானைக்குக் குஞ்சம் கட்ட வேண்டும். அதற்கு மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒருவர். ரவிக்கைக்கு மேட்சிங் துணி தனிக் கடை. உள்பாவாடை இன்னொன்று. வளையல், பொட்டு, கவரிங் நகைக்கு ஃபேன்சி ஸ்டோர். அடுத்த தெருவில் பாத்திரக் கடை, அங்கே சீர்வரிசைக்குக் குத்துவிளக்கு எடை போடுகிறார்கள். பத்திரிகை அடிக்க அச்சகம். நடுவில் பசி. 1957இல் நாகசாமி நாயுடு இந்த ஊரில் தொடங்கிய ஒரு பிரியாணிக் கடை, தலப்பாக்கட்டி என்ற பெயரில் கடல் கடந்து போனதற்குப் பின்னால், சந்தைக்கும் கடைவீதிக்கும் வந்துபோன இந்த ஜனங்களின் மத்தியானப் பசி இருக்கிறது. அன்று அந்தக் கல்யாணக் குடும்பம் செலவழித்ததில் ஜவுளிக்கடைக்குப் பாதி போயிருக்கும். மற்றது பதினைந்து இருபது கைகளுக்குப் பிரிந்து போனது. அந்தப் பதினைந்து இருபது பேரில் ஒருவரும் ஜவுளிக்கடைக்கு ஒரு ரூபாய் வாடகை தரவில்லை. கூட்டம் இலவசமாகக் கிடைத்தது.

தமிழ்நாட்டுச் சிறுநகரங்களில் மால் இல்லை என்று சிலர் குறைப்படுகிறார்கள். என் கருத்து வேறு. நமக்கு மால் எப்போதும் இருந்தது, அதற்குக் கூரை மட்டும்தான் இல்லை. ஜவுளிக்கடை தலைக்கடை, தெரு அதன் நடைகூடம். தியாகராய நகர் ரங்கநாதன் தெரு இதன் பெரிய வடிவம், மதுரை விளக்குத்தூண் வட்டாரம் இதன் பழைய வடிவம், திண்டுக்கல் கடைவீதி நடுத்தர வடிவம். இந்த ஏற்பாடு நிற்பது ஒரே ஒரு நிபந்தனையில்தான். தலைக்கடையின் வாசல் தெருவைப் பார்த்துத் திறக்க வேண்டும். இன்று நான் சொல்ல வந்தது இந்த ஒன்றுதான், மற்றவை எல்லாம் அதன் விளக்கம்.

வாசல் திசை மாறினால் என்ன ஆகும் என்பதை அமெரிக்கா பார்த்துவிட்டது. வியன்னாவிலிருந்து போன விக்டர் குரூயன் என்ற கட்டடக் கலைஞர், 1956இல் மினசோட்டா மாநிலத்தில் சவுத்டேல் என்ற மாலைக் கட்டினார். நாலாபுறமும் சுவர், உள்ளே குளிர்பதனம், சுற்றிலும் கார் நிறுத்தம். டேட்டன்ஸ், டொனால்ட்சன்ஸ் என்ற அந்த வட்டாரத்து டிபார்ட்மென்ட் ஸ்டோர்கள் இரண்டும் அதன் தலைக்கடைகள். ஊரின் நடுவில் மக்கள் கூடும் சதுக்கம் போல அதை ஆக்க வேண்டும் என்று குரூயன் ஆசைப்பட்டார். நடந்தது எதிர்மாறு. ஊர் நடுவில் இருந்த கூட்டம் வெளியே போனது, பழைய கடைத்தெருக்கள் காலியாயின. கடைசிக் காலத்தில் அவரே அந்த மால்களுக்கும் தனக்கும் உறவில்லை என்று பகிரங்கமாகச் சொன்னார்.

அதற்குப் பின்னால் வந்ததுதான் நாம் கவனிக்க வேண்டியது. வட்டாரக் கடைகளைப் பெரிய கம்பெனிகள் ஒவ்வொன்றாக விழுங்கின. டேட்டன்ஸ் 2001இல் பெயர் மாறியது, 2006இல் மேசிஸ் என்ற பெரிய கடைத்தொடரின் கடை ஆனது. பென்சில்வேனியாவைச் சேர்ந்த போன்-டன் என்ற வட்டாரக் கடைத்தொடர் 2018இல் மொத்தமாக மூடப்பட்டது. அதே ஆண்டு அக்டோபரில் சியர்ஸ் என்ற பெரிய கடைத்தொடர் திவாலானது. தலைக்கடை போனால் வாடகையைக் குறைத்துக்கொள்ளவோ காலி செய்யவோ சின்னக் கடைகளுக்கு உரிமை தரும் ஷரத்து அங்கே குத்தகைப் பத்திரங்களில் உண்டு. ஒரு தலைக்கடை மூடியதும் வரிசையாக விளக்குகள் அணைந்தன. தெருவில் ஒரு கடை மூடினால் அடுத்த மாதம் அங்கே வேறொருவர் பலகை மாட்டுவார். மாலில் மூன்று மாடி டிபார்ட்மென்ட் ஸ்டோர் காலியானால் அந்த இடத்துக்கு எளிதில் ஆள் கிடைப்பதில்லை.

நம் ஸ்பென்சருக்கும் ஏறக்குறைய இந்தக் கதைதான். 1983இல் பழைய கட்டடம் தீயில் போனது. அதே இடத்தில் எழும்பிய ஸ்பென்சர் பிளாசா தொண்ணூறுகளில் சென்னைக்கு வருகிறவர்கள் பார்த்தே தீர வேண்டிய இடமாக இருந்தது. 2010இல் கூப்பிடு தூரத்தில் எக்ஸ்பிரஸ் அவென்யூ மால் திறந்தது, 2013இல் வேளச்சேரியில் பீனிக்ஸ் மால் வந்தது. ஸ்பென்சர் பிளாசாவின் நடைகூடங்களில் கூட்டம் வற்றியது. அதே ஆண்டுகளில் ரங்கநாதன் தெருவில் தீபாவளிக் கூட்டம் குறைந்ததாக யாரும் சொல்லவில்லை.

திண்டுக்கல்லுக்கு வருவோம். 1985 செப்டம்பரில் மாவட்டத் தலைநகர் ஆனோம், 2014இல் மாநகராட்சி ஆனோம். அலுவலகங்கள் வந்தன, மாதச் சம்பளக்காரர்கள் பெருகினார்கள், சுற்றிலும் நூற்பாலைகள் வந்தன. பட்டெடுக்க மதுரைக்குப் போனவர்களில் பலர் இங்கேயே நின்றுவிட்டார்கள். நான்குவழிச் சாலை வந்தபின் இன்னொரு பக்கம் மதுரைக்கு ஒன்றேகால் மணி நேரம்தான் என்றும் ஆனது. கார் வைத்திருப்பவர் அங்கே மாலுக்குப் போய்ப் படமும் பார்த்துவிட்டு ராத்திரி வீடு திரும்பிவிடுகிறார். இந்தப் போட்டியைச் சமாளிக்கத் தமிழ்நாடு முழுக்கவே மாவட்டத் தலைநகர்களில் பெரிய கடைகள் ஊருக்கு வெளியே இடம் தேடுகின்றன. 2019இன் ஒருங்கிணைந்த கட்டட விதிகளும் பரப்பளவுக்கு ஏற்ப வாகன நிறுத்தம் கேட்கின்றன. விதி நியாயமானதுதான். ஆனால் அதன் விளைவாகக் கடை தெருவிலிருந்து விலகி, முன்னால் கார்களை நிறுத்திக்கொண்டு, பின்னால் போய் உட்கார்ந்துகொள்கிறது. உள்ளேயே ஃபால்ஸ் தைக்கிறார்கள், உள்ளேயே கவரிங், உள்ளேயே பிரியாணி. மாடிப்படிக்குக் கீழே தையல் மெஷின் வைத்திருந்தவர் அங்கே மாதச் சம்பளத்துக்குப் போகலாம். பூக்கார அம்மா போக முடியாது.

இதைச் சொல்லும்போது பெரிய கடைக்காரர்கள் மேல் எனக்குக் கோபம் ஏதும் இல்லை. பலர் ஒரு தறி, ஒரு சைக்கிள், ஒரு மூட்டை என்று தொடங்கி வந்தவர்கள். எழுதிய விலைக்கு விற்றதால், பேரம் பேசத் தெரியாத கிராமத்துப் பெண்ணும் ஏமாறாமல் வாங்க முடிந்தது. அது சிறிய காரியம் இல்லை.

ஆனால் தெருவிலேயே நின்ற பெரிய கடைகளின் குறைகளையும் மறைக்க எனக்கு மனமில்லை. 2008 செப்டம்பரில் ரங்கநாதன் தெருவில் சரவணா ஸ்டோர்ஸ் கடையில் நடந்த தீவிபத்தில் இரண்டு ஊழியர்கள் இறந்தார்கள். 2011 அக்டோபர் இறுதியில் விதி மீறிய கட்டடங்களுக்கு அந்தப் பகுதியில் சீல் வைத்தார்கள், பொங்கலுக்கு உச்ச நீதிமன்ற அனுமதியோடு தற்காலிகமாகத் திறந்தார்கள். 2017 மே 31 அன்று உஸ்மான் ரோட்டில் சென்னை சில்க்ஸ் கட்டடம் எரிந்து, பிறகு இடிக்கப்பட்டது. மாடியை ஏற்றிக்கொண்டே போய், படிக்கட்டில் சரக்கு மூட்டையை அடுக்குகிற பழக்கம் எந்த ஊரிலும் ஆபத்துதான். திண்டுக்கல்லின் குறுகலான தெருக்களில் தீயணைப்பு வண்டி எங்கே திரும்பும் என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இந்தப் பெரிய ஜவுளிக்கடைகளில் வேலை செய்யும் பிள்ளைகள் பற்றி இயக்குநர் வசந்தபாலனின் ‘அங்காடித் தெரு’ படம் 2010இல் வந்தபோதுதான் பலருக்கு அந்த வாழ்க்கை தெரிந்தது. காலை ஒன்பது மணிக்குக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கத் தொடங்கினால் ராத்திரி வரை நிற்பு. வாடிக்கையாளரை ஐந்து மணி நேரம் உட்காரவைத்த அதே மெத்தைக்கு மறுபக்கம், ஒரு முக்காலி கிடையாது. கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் உட்காரும் உரிமை கேட்டுப் போராடினார்கள், 2018இல் அங்கே சட்டம் திருத்தப்பட்டது. 2021 செப்டம்பரில் தமிழ்நாடும் 1947ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. ஒவ்வொரு கடையிலும் எல்லா ஊழியருக்கும் இருக்கை இருக்க வேண்டும் என்பது இப்போது சட்டம். அடுத்த முறை துணி எடுக்கப் போகும்போது மெத்தைக்குப் பின்னால் கொஞ்சம் எட்டிப் பாருங்கள். முக்காலி இல்லையென்றால் முதலாளியிடம் மரியாதையாகக் கேளுங்கள். ஐம்பதாயிரம் ரூபாய்க்குப் பட்டு எடுக்கிறவர் கேட்டால் நிச்சயம் காதில் விழும்.

இப்போது சின்னாளப்பட்டி. இங்கிருந்து மதுரைச் சாலையில் பத்துப் பதினொரு கிலோமீட்டர். ஒரு காலத்தில் சின்னாளப்பட்டிச் சேலை என்றால் தமிழ்நாடு முழுவதும் தெரியும். சுங்குடிச் சேலைத் தொழில் இன்றும் நடக்கிறது. அன்று சுருட்டைப் போல, பெரிய கடைக்கு நம் வட்டாரம் கொடுக்கும் சரக்கு இது. ஆனால் ஒரு ஜவுளிக்கடை பெரிதாகும்போது அதன் கொள்முதலும் பெரிதாகிறது, சூரத்திலிருந்து லாரி லாரியாக இறக்குகிற கடைக்கு நாற்பது சேலை நெய்து தருகிறவரோடு பேச நேரம் இருப்பதில்லை. பேசினாலும் பணம் வர மூன்று மாதம் ஆகும் என்பார்கள். குறு, சிறு உற்பத்தியாளரிடம் சரக்கு வாங்கினால், ஒப்பந்தம் எப்படி இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் கொடுத்தாக வேண்டும் என்று 2006ஆம் ஆண்டின் சிறுதொழில் சட்டமே சொல்கிறது. அந்தக் கெடுவுக்குள் கொடுக்காத தொகையை அந்த ஆண்டின் செலவாகக் காட்டி வருமான வரி விலக்குப் பெற முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. உத்யம் என்ற சிறுதொழில் பதிவு இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. இந்த அரங்கில் காந்திகிராமப் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறீர்கள். சின்னாளப்பட்டி உங்களுக்கு நடந்துபோகும் தூரம். ஒரு விடுமுறைக் காலத்தில் வீடு வீடாகப் போய் உத்யம் பதிவு செய்து கொடுங்கள். அதைவிடப் பயனுள்ள களப்பணி எனக்குத் தோன்றவில்லை.

மறுபடி மாலுக்கு வருகிறேன். அது நம் மக்களை ஏன் இழுக்கிறது? குளிர்பதனத்துக்காக, நகரும் படிக்கட்டுக்காக என்று நினைக்கிறோம். கடைவீதிக்கு வரும் பெண்களைக் கேட்டுப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், அவர்கள் முதலில் சொல்வது கழிப்பறை. காலை ஒன்பதுக்கு வீட்டை விட்டுக் கிளம்பினால் சாயங்காலம் ஐந்து வரை தண்ணீர் குடிக்காமல் இருந்தே கடைவீதியை முடிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ள ஒரு தாய்க்கு அது எவ்வளவு கொடுமை. அடுத்துச் சொல்வது உட்கார ஓரிடம், பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு மறைவு, மூட்டைகளை ஒரு மணி நேரம் வைத்துவிட்டுப் போக ஓரிடம். இவற்றில் எதற்கும் இருநூறு கோடி ரூபாய்க் கட்டடம் தேவையில்லை.

இன்னொன்று, 2021லிருந்து அரசின் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கிராமத்துப் பெண்கள் முன்பு கணக்குப் பார்த்து மாதம் ஒரு முறை வந்த ஊருக்கு இப்போது நினைத்தபோது வருகிறார்கள். அந்தப் பேருந்து அவர்களைப் பேருந்து நிலையத்தில் இறக்கிவிடுகிறது, அங்கிருந்து கடைவீதி நடக்கிற தூரம். புறவழிச் சாலைக் கடைக்குக் கார் வேண்டும். நம் கடைவீதிக்கு அரசே கூட்டத்தைக் கொண்டுவந்து இறக்கிக்கொண்டிருக்கிறது. எந்த மால் முதலாளிக்கும் இப்படி ஒரு வாய்ப்பு கிடைத்ததில்லை.

ஆகவே மாநகராட்சியிடமும் வணிகர் சங்கத்தாரிடமும் மூன்று கோரிக்கைகள் வைக்கிறேன். பெரிய கடைக்கு வரைபட அனுமதி கொடுக்கும்போது, வாகன நிறுத்தத்தைப் பின்பக்கமோ அடித்தளத்திலோ வைத்து, பொதுமக்கள் வாசல் தெருவுக்கு நேராக இருக்கும்படி கேளுங்கள். கடையின் முகப்பு ஓரத்தில் பூ, வளையல், தையல் போன்ற சிறு தொழில்களுக்கு நாலைந்து அடி இடம் விடச் சொல்லுங்கள். தலைக்கடைக்குச் சலுகை கொடுத்துச் சின்னக் கடையிடம் கூடுதலாக வாங்குவது மாலின் கணக்கு. கடைவீதியில் அதைத் தலைகீழாக நடத்தலாம். பெரிய கடைகள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு ஒரு பொது நிதி உண்டாக்கினால், மெயின் ரோட்டிலும் ரத வீதிகளிலும் ஆள் வைத்துச் சுத்தமாகப் பராமரிக்கும் பெண்கள் கழிப்பறைகள் நான்கும், பாலூட்டும் அறையோடு ஓர் ஓய்விடமும் இந்த ஆடித் தள்ளுபடிக்கு முன்பே திறந்துவிட முடியும். இடம் மாநகராட்சி தரட்டும், பராமரிப்புச் செலவைக் கடைகள் ஏற்கட்டும். மாதச் செலவு என்ன ஆகும் என்ற மதிப்பீட்டை வணிகர் சங்க நண்பர்களோடு உட்கார்ந்து போட நான் தயாராக இருக்கிறேன். கூட்டம் முடிந்ததும் மேடைக்குப் பக்கத்திலேயே இருப்பேன், விருப்பமுள்ளவர்கள் வாருங்கள்.